வேலை முடிந்து வந்தால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்கிறானே, ஒட்டுதல் விட்டுப்போனதா?

ஒரு தாய் கேட்ட கேள்வி இது. மகனுக்கு 16 மாதம். இரண்டு மாதமாக அவர் வேலைக்குப் போய்வருகிறார். வீட்டில் மாமியார் பார்த்துக்கொள்கிறார். காலையில் கிளம்பும்போது பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு வீறிட்டு அழுகிறான். கதவைச் சாத்திய ஐந்தாவது நிமிடம் பாட்டியோடு சிரித்து விளையாடுகிறானாம். சாயங்காலம் அம்மா உள்ளே நுழைந்தால் ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அப்புறம் தானே வந்து தூக்கச் சொல்கிறான். தூக்கினால் முகத்தில் அடிக்கிறான், திமிறுகிறான், அழுகிறான். கால்மணி நேரம் இந்தக் கூத்து. பிறகு தோளில் சாய்ந்து அடங்கி, கொஞ்ச நேரத்தில் இறங்கிப் போய் விளையாட ஆரம்பித்துவிடுகிறான். "நாள் பூரா சமர்த்தாத்தான் இருந்தான், உன்னைப் பார்த்ததும்தான் ஆரம்பிக்கிறான். உன்கிட்ட ஒட்டுதல் விட்டுப்போச்சு" என்கிறார் மாமியார். இது உண்மையா? காலை அழுகையைத் தவிர்க்க, அவன் பார்க்காத நேரத்தில் நைசாகக் கிளம்பிவிடலாமா?

முதல் கேள்விக்கு: இல்லை, விட்டுப்போகவில்லை. இரண்டாவதற்கு: வேண்டாம். இனி விளக்கம், கொஞ்சம் நீளும்.

உங்கள் கேள்வியில் என் கண்ணில் பட்டது அழுகையும் இல்லை, அடியும் இல்லை. "தோளில் சாய்ந்து அடங்கி, இறங்கிப் போய் விளையாடுகிறான்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். நீங்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. குழந்தை உளவியலில் ஒட்டுதலைப் பற்றி ஆராய்ந்தவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

ஒட்டுதல் என்றால் என்ன என்று முறையாக எழுதத் தொடங்கியவர் பிரிட்டனின் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி. அவரோடு வேலை செய்த மேரி ஐன்ஸ்வொர்த் 1954-ல் உகாண்டாவுக்குப் போனார். அங்கே 26 குடும்பங்களின் வீட்டுக்கு மாதக்கணக்கில் போய் உட்கார்ந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துக் குறிப்பெடுத்தார். தவழும் குழந்தை அம்மாவை விட்டுக் கொஞ்ச தூரம் போகும், திரும்பிப் பார்க்கும், மறுபடி போகும், ஏதாவது மிரட்டினால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும், தெம்பு வந்ததும் திரும்பப் புறப்படும். அம்மா என்பவள் பிள்ளை கிளம்புகிற இடமாகவும் திரும்பி வருகிற இடமாகவும் இருக்கிறாள் என்பது அவருக்கு அங்கே பிடிபட்டது.

பிற்பாடு அமெரிக்காவில், பால்டிமோரில், இதை ஓர் அறைக்குள் சோதித்துப் பார்க்க ஒரு முறையை உண்டாக்கினார். பழக்கமில்லாத அறை, தரையில் பொம்மைகள். ஒரு வயதையொட்டிய குழந்தையோடு அம்மா உள்ளே வருகிறார். அறிமுகமில்லாத ஒரு பெண் வருகிறார். அம்மா வெளியே போகிறார், திரும்புகிறார். மறுபடி போகிறார், இந்த முறை குழந்தை தனியாக இருக்கிறது. அந்தப் பெண் வருகிறார், கடைசியில் அம்மா வருகிறார். ஒவ்வொரு கட்டமும் சுமார் மூன்று நிமிடம். குழந்தை ரொம்ப அழுதால் அதற்கு முன்பே முடித்துவிடுவார்கள். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம்போல.

அம்மா போகும்போது யார் எவ்வளவு அழுகிறார்கள் என்பதைத்தான் அளப்பார்கள் என்று நினைப்போம். அதையும் பார்ப்பார்கள்தான், ஆனால் முடிவு அதை வைத்து வருவதில்லை. கதவைத் திறந்து அம்மா திரும்பி வருகிற அந்தக் கணத்தில் குழந்தை என்ன செய்கிறது, எவ்வளவு சீக்கிரம் தேறுகிறது என்பதே கணக்கு. பெரும்பாலான குழந்தைகள், அழுதவையும் அழாதவையும், அம்மாவிடம் வந்து, அம்மாவால் தேறி, பொம்மைக்குத் திரும்பின. சில குழந்தைகள் அம்மா வந்ததே தெரியாததுபோல் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தன. இன்னும் சில, தூக்கச் சொல்லும், தூக்கினால் உதைக்கும், இறக்கினால் அழும், எதிலும் தேறாது. எட்டு நாடுகளில் நடந்த 32 ஆய்வுகளை, ஏறத்தாழ 2000 குழந்தைகளை, 1988-ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது முதல் வகை சராசரியாக 65 சதவீதம் இருந்தது.

இதைப் படித்ததும் "அப்போ என் பிள்ளை மூன்றாவது வகைதானே, அவனும் உதைக்கிறானே" என்று உங்களுக்குத் திக்கென்றிருக்கும். கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சோதனையில் பிரிவு மூன்று நிமிடம். உங்கள் வீட்டில் அது ஒரு முழுப் பகல். அந்தப் பகலின் கடைசியில் அவனும் களைத்திருக்கிறான், நீங்களும் களைத்திருக்கிறீர்கள். தவிர, அந்தச் சோதனையைப் படித்துப் பயிற்சி எடுத்தவர்கள் ஒளிப்பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து மதிப்பிடுவார்கள். வீட்டு வாசலில் நின்று நாமே முத்திரை குத்துகிற வேலை அது இல்லை. (கைப்பேசியில் பத்துக் கேள்விக்கு விடை தட்டினால் "உங்கள் குழந்தை இன்ன ரகம்" என்று சொல்லிவிடுகிற வினாத்தாள்களை நான் ஜோசியத்தோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.) வீட்டில் நாம் பார்க்க முடிந்தது ஒன்றுதான்: கடைசியில் உங்களிடம் அடங்குகிறானா, அடங்கிய பிறகு விளையாட்டுக்குப் போக அவனுக்குத் தெம்பு வருகிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

"உன்னைப் பார்த்ததும்தான் அழுகிறான்" என்று உங்கள் மாமியார் சொல்வதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் சிறு பிள்ளைகளைச் சேர்த்தால் பெற்றோர் பார்க்க வருவதற்குக் கடும் கட்டுப்பாடு. வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்திருந்த இடங்கள் உண்டு. காரணம் கேட்டால் இதே வாக்கியம்தான்: பிள்ளை அமைதியாக இருக்கிறது, அம்மா வந்துவிட்டுப் போனால்தான் அழுகிறது, ஆகவே அம்மா வராமல் இருப்பதே நல்லது. பௌல்பியோடு வேலை செய்த ஜேம்ஸ் ராபர்ட்சன் இதை நம்பவில்லை. எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றைப் படம் பிடித்து 1952-ல் மருத்துவர்களுக்குப் போட்டுக் காட்டினார். அவர் பார்த்த வரிசை இது: முதலில் அழுது ஆர்ப்பாட்டம், பிறகு ஏங்கிப்போய் ஒடுங்குவது, அப்புறம் எதுவும் நடக்காததுபோல் ஆகிவிடுவது. மருத்துவமனைக்காரர்கள் "பழகிவிட்டது" என்று சொன்னது இந்த மூன்றாவதை. அம்மா வந்ததும் வெடித்த அழுகை புதிதாக வந்ததில்லை; உள்ளே இருந்தது, அதைக் கொட்ட ஆள் வந்தது. எளிதில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனாலும் 1959-ல் அரசுக் குழு ஒன்று பெற்றோர் தாராளமாக வந்து பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது.

உங்கள் மகன் நிலைமை அதோடு ஒப்பிடக்கூடியதே இல்லை. அவன் சொந்த வீட்டில், பழகிய பாட்டியிடம், ஒரு பகல்தான் இருக்கிறான். பாட்டியோடு சிரிக்கிறான் என்றால் நிஜமாகவே சிரிக்கிறான். நான் சொல்ல வந்தது, அமைதியை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது என்பதைத்தான். 1977-ல் ஆலன் ஸ்ரூஃபும் எவரெட் வாட்டர்ஸும் அந்த அறைச் சோதனையின்போது குழந்தைகளின் இதயத்துடிப்பைப் பதிவு செய்தார்கள். அம்மா திரும்பி வந்தும் கண்டுகொள்ளாமல் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்கும் துடிப்பு ஏறித்தான் இருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை, நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் பிள்ளை உள்ளே இருப்பதை முகத்திலும் காட்டுகிறான், கையாலும் காட்டுகிறான். காட்டலாம், காட்டினாலும் அம்மா ஓடிவிட மாட்டாள் என்று தெரிந்தவன் செய்கிற காரியம் அது.

பெரியவர்களும் இதைச் செய்வோம். பத்து நாள் ஊரில் இல்லாத கணவனோ மனைவியோ வீட்டுக்கு வந்த முதல் மணி நேரத்தில் ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை வரும். "வந்ததும் வராததுமா" என்று தொடங்குமே, அந்தச் சண்டை. 1987-ல் சிண்டி ஹேசனும் ஃபிலிப் ஷேவரும் காதலையும் திருமணத்தையும் இதே கண்ணாடி வழியாகப் பார்க்கலாம் என்று எழுதியபோது சிலர் புருவம் உயர்த்தினார்கள். வீட்டுக்கு வீடு பார்த்தவர்களுக்கு அதில் பெரிய வியப்பு இருந்திருக்காது.

சரி, மாமியார் விஷயம். பாட்டியிடம் ஒட்டிக்கொண்டால் அம்மாவிடம் குறையும் என்ற பயம் உங்கள் கேள்வியின் அடியில் இருக்கிறது. ஒட்டுதல் பங்கு பிரித்துக் கொடுக்கிற சொத்து இல்லை. கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஷாஃபரும் எமர்சனும் 1964-ல் எழுதியதன்படி, ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒட்டுதல் ஒருவரோடு நிற்கவில்லை. அப்பா, பாட்டி, தாத்தா என்று விரிந்திருந்தது. அதோடு, யார் அதிக நேரம் குளிப்பாட்டி உடை மாற்றினார்களோ அவர்களிடம்தான் குழந்தை அதிகம் ஒட்டியது என்றும் இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவரிடம், விளையாட வந்தால் ஈடுகொடுப்பவரிடம் ஒட்டியது. நேரக் கணக்கை நினைத்து உருகுகிற உங்களைப் போன்றவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைக்க வேண்டும். நீங்கள் போன ஐந்தாவது நிமிடம் அவன் சிரிக்கிறான் என்றால் அது உங்கள் மாமியாரின் கெட்டிக்காரத்தனம். அதை அவரிடமே ஒருநாள் சொல்லுங்கள். "ஒட்டுதல் விட்டுப்போச்சு" என்ற பேச்சு பாதி அதிலேயே குறையும் என்று நினைக்கிறேன்.

வேலைக்குப் போவதே தப்போ என்ற குற்ற உணர்வுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1991-ல் தொடங்கி, 10 இடங்களில், 1300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. 15 மாதத்தில் இதே அறைச் சோதனையை வைத்துப் பார்த்தார்கள். பிறர் பராமரிப்பில் இருப்பது மட்டுமே ஒட்டுதலைக் கெடுத்ததாகத் தெரியவில்லை. தாய் குழந்தையின் குறிப்பறிந்து நடப்பதும் குறைவு, பராமரிப்பும் மோசம் அல்லது அடிக்கடி மாறுகிறது அல்லது நேரம் அதிகம் என்று இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் சிக்கல் தெரிந்தது.

இனி, நைசாகக் கிளம்புவது.

அழுகை கேட்காமல் போக முடியும் என்பது உண்மை. அதனால்தான் எல்லோரும் செய்கிறார்கள். நானும் செய்தேன், என் மகளிடம். அவள் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது பூனை மாதிரி வெளியே வந்துவிடுவேன். நான்கு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள் காலை நான் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், கட்டைகள் அப்படியே கிடக்கின்றன. என் கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் வாரைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு நேரே உட்கார்ந்திருக்கிறாள். விளையாடினால் கோட்டை விட்டுவிடுவோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை உட்பட நான் எழுந்து நின்றாலே பின்னால் வந்தாள்.

எட்டு மாதம்வாக்கில் குழந்தை, துணிக்கு அடியில் மறைத்த பொம்மையைத் தேட ஆரம்பிக்கும் என்று ழான் பியாஜே கவனித்தார். கண்ணில் படாவிட்டாலும் பொருள் எங்கோ இருக்கிறது என்ற அறிவு. அதே காலத்தில்தான் அம்மா போனால் அழுவதும் தொடங்குகிறது; ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுவரை உச்சத்தில் இருக்கும். அம்மா எங்கோ இருக்கிறாள் என்று தெரிகிறது, எப்போது வருவாள் என்று தெரியவில்லை. "சாயங்காலம்" என்ற சொல்லுக்கு அவனிடம் இன்னும் பொருள் இல்லை. சொல்லாமல் போனால், எப்போது வேண்டுமானாலும் காணாமல் போகிற ஆளாக நீங்கள் ஆகிவிடுகிறீர்கள். அவன் வேலை காவல் காப்பதாகிவிடுகிறது. சொல்லிவிட்டுப் போனால் அந்த நேரத்துக்கு அழுவான், ஆனால் அம்மா போகும்போது ஒரு அடையாளம் இருக்கும், அந்த அடையாளம் இல்லாத நேரமெல்லாம் அம்மா இங்கேதான் என்று நம்பி விளையாடலாம்.

ஆகவே சொல்லுங்கள். சுருக்கமாக, தினமும் அதே வார்த்தையில். பாட்டி இடுப்பில் அவனை வாங்கிக்கொள்ளட்டும், நீங்கள் ஒரு முத்தம், ஒரு "டாட்டா, நீ தூங்கி எழுந்து விளையாடினதும் அம்மா வந்துடுவேன்", அவ்வளவுதான். கதவுவரை போய்விட்டு அழுகை கேட்டுத் திரும்பி வராதீர்கள். இன்னும் பலமாக அழுதால் அம்மா திரும்புவாள் என்று அவன் கணக்குப் போடுவான், அதில் அவன் மேல் தப்பில்லை. உங்கள் முகத்தையும் கவனியுங்கள். 1985-ல் வெளிவந்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு வயதுக் குழந்தைகள், கண்ணாடி மூடிய ஒரு சின்னப் பள்ளத்தின் விளிம்பில். கடக்கலாமா என்று சந்தேகம். எதிர்ப்பக்கம் அம்மா. சிரித்த முகம் காட்டிய அம்மாக்களின் 19 குழந்தைகளில் 14 கடந்து வந்தன. பயந்த முகம் காட்டியபோது 17-ல் ஒன்றுகூட நகரவில்லை. உங்கள் வாசல்படியும் அவனுக்கு அந்தப் பள்ளம்தான். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றால், இங்கே ஏதோ ஆபத்து என்றுதான் படித்துக்கொள்வான். அழ வேண்டுமென்றால் தெருமுனை தாண்டி அழுங்கள். நிறையப் பேர் அழுதிருக்கிறோம்.

அவன் ஏதாவது ஒரு துணியையோ பொம்மையையோ விடாமல் இழுத்துக்கொண்டு திரிந்தால் பிடுங்காதீர்கள். அம்மா இல்லாத நேரத்துக்கு அவன் தானே தேடிக்கொண்ட கைத்துணை அது.

மாலையில் என்ன செய்வது என்று கேட்டால், முதல் கால்மணி நேரம் ஒன்றும் செய்யாதீர்கள் என்பேன். உடை மாற்றுவது, கைப்பேசி, வீட்டு வேலை எல்லாம் அப்புறம். தரையில் உட்காருங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் இழுத்து முத்தம் கொடுக்காதீர்கள்; பக்கத்தில் இருங்கள், அவனே வருவான். அடித்தால் கையை மெதுவாகப் பிடித்து, "அடிச்சா அம்மாவுக்கு வலிக்கும். அம்மா இல்லைன்னு கோபமா?" என்று கேளுங்கள். சொல் முழுதாகப் புரியாது, குரல் புரியும். திருப்பி அடிப்பதோ, "அம்மா வேண்டாம்னா நான் போறேன்" என்று மிரட்டுவதோ கூடாது. அவன் பயப்படுவதே அதைத்தான்.

கைப்பேசியை ஏன் சொன்னேன் என்றால், எட்வர்ட் ட்ரோனிக் 1970-களில் செய்த சோதனை. கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று சில நிமிடம் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ள வேண்டும். சில மாதக் குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது, ஒன்றும் நடக்காதபோது உடலையே திருப்பிக்கொள்கிறது. திரையைப் பார்க்கிற முகமும் கிட்டத்தட்ட அந்தக் கல் முகம்தான். அதே ட்ரோனிக்கிடமிருந்து ஆறுதலும் உண்டு: நல்ல தாய்க்கும் பிள்ளைக்கும்கூட ஒருவருக்கொருவர் ஒத்துப்போகிற நேரம் ஏறத்தாழ 30 சதவீதம்தான். மீதி நேரமெல்லாம் தவறவிடுவதும் சரிசெய்துகொள்வதும். என்றைக்காவது களைப்பில் அவன்மேல் எரிந்து விழுந்தீர்களா, கொஞ்சம் கழித்துப் போய்த் தூக்கிக்கொண்டீர்களா, கணக்கில் அதுவும் சேரும்.

"அழும்போது தூக்கினால் கெட்டுப்போவான்" என்று யாராவது சொல்வார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் 1928-ல் இதையே அறிவியல் என்று எழுதினார்: கட்டிப்பிடிக்காதே, முத்தமிடாதே, மடியில் உட்கார விடாதே, காலையில் கைகுலுக்கு. கைக்குழந்தை அழுதவுடன் கவனித்தால் பின்னால் அழுகை கூடுமா குறையுமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் உண்டு. பிரிந்திருந்து சேர்ந்த பிள்ளையைத் தூக்கியதால் பிள்ளை கெட்டது என்று எவரும் காட்டியதில்லை.

எப்போது கவலைப்பட வேண்டும்? வாரக்கணக்காகியும் உங்களிடமோ பாட்டியிடமோ தேறவே இல்லை, விழுந்து அடிபட்டாலும் யாரிடமும் வருவதில்லை, முகம் பார்ப்பதோ பேசிய சொற்களோ குறைந்துகொண்டே வருகின்றன, தூக்கமும் சாப்பாடும் கெட்டு எடை குறைகிறது என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் எழுதியதில் இவற்றில் ஒன்றும் இல்லை.

இது எவ்வளவு நாள் நீடிக்கும் என்று அடுத்துக் கேட்பீர்கள். நாள் குறித்துச் சொல்ல முடியாது. பேச்சு வளர்ந்து, "அப்புறம்", "நாளைக்கு" போன்ற சொற்கள் பிடிபடும்போது தானாகத் தணியும். பெரும்பாலும் மூன்று வயதுக்குள். நடுவில் காய்ச்சல் வந்து எழுந்தாலோ, வீடு மாறினாலோ, நீண்ட விடுமுறை முடிந்து நீங்கள் மறுபடி கிளம்பினாலோ பழைய அழுகை அப்படியே திரும்பும். போட்ட உழைப்பெல்லாம் வீணாயிற்று என்று தோன்றும். அன்றைக்கும் அதே இடுப்பு, அதே முத்தம், அதே டாட்டா.